ஏழாம் எண் ஏறிய தேதி

வியாழக்கிழமைகளில் லகாசே வீட்டு அடுக்களையில் குனிந்துதான் நடக்க வேண்டும். உத்தரத்துக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக ஆறு கொடிகள். அவற்றில் பெல்ரிவ் லாகர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் ஸ்வெட்டர்கள் சொட்டச் சொட்டத் தொங்கும். வெளியே காயப்போட்டால் பத்து நிமிஷத்தில் கதவுப்பலகை மாதிரி விறைத்துப்போகும். ஜனவரி அப்படி. அதனால் அடுப்பு எரியும் இடத்தில்தான் அவை காய வேண்டும். ஈரத்துணி நாற்றமும், பன்றியுப்புக்கண்டம் போட்டு வேகும் பட்டாணி சூப்பின் வாசனையும், ஜன்னல் இடுக்கு வழியாக வரும் காகித ஆலையின் அழுகின முட்டை நெடியும் சேர்ந்து அந்த வீட்டுக்கென்று ஒரு மணம் உண்டு. அதில் இருப்பவர்களுக்கு அது தெரியாது.

ஸ்வெட்டர்கள் மொத்தம் பத்தொன்பது. ஒன்றிலிருந்து இருபது வரை, நடுவில் ஏழு கிடையாது.

லியோனா இருபத்திரண்டு வருஷமாக இந்தத் துணிகளைத் துவைக்கிறாள், கிழிந்ததைத் தைக்கிறாள், முதுகில் உள்ள பெயர்களைப் பிரித்து வேறு பெயர்களைத் தைக்கிறாள். இந்த மாதிரிச் சின்ன அணியில் ஆள்கள் தங்க மாட்டார்கள். மேலே உள்ள பெரிய அணி கூப்பிட்டால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார்கள். அங்கே வேண்டாம் என்றால் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். பதினான்காம் எண்ணில் அவள் இந்த ஒரு வருஷத்தில் மட்டும் ஐந்து பெயர் தைத்துவிட்டாள். ஊசி போன ஓட்டைகளைப் பார்த்தே யார் யார் வந்து போனார்கள் என்று சொல்லிவிடுவாள்.

ஆனால் இந்த வியாழக்கிழமை மேஜைமேல் வேறு ஒரு துணி கிடந்தது. பச்சை நிறம், கட்டில் விரிப்பைவிடப் பெரியது. மேலே 'லகாசே' என்ற பெயர். நடுவில் ஆளுயரத்துக்கு ஒரு வெள்ளை ஏழு. கீழே ஒரு சாண் இடம் காலியாக இருந்தது. அங்கே தேதி வர வேண்டும். அவள் புருஷன் ரொசேர் பதினோரு வருஷம் போட்டு ஆடிய எண்ணை, இனி வேறு யாரும் போடக் கூடாதென்று, அணி எந்த நாளில் ஓய்வில் வைத்து அரங்கின் விட்டத்தில் ஏற்றியதோ அந்தத் தேதி. நாளை சாயங்காலம் ஆள் வந்து எடுத்துப் போவான். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் அதை மேலே ஏற்றுவார்கள்.

அந்தத் தேதி லியோனாவுக்குத் தெரியாது. அப்படி ஒரு நாளே கிடையாது என்பது மட்டும்தான் தெரியும்.

பத்து மணிக்கு டொயோன் வந்தார். ஊரின் வாரப் பத்திரிகையை முப்பது வருஷமாக ஒற்றை ஆளாக நடத்துகிறவர். கொடியில் தொங்கிய ஸ்வெட்டர் கை அவர் வழுக்கையில் சொட்டியது. துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"லியோனாம்மா, ஒரு தேதி கொடுங்க, போயிடறேன். அச்சாபீஸ்காரன் என் உயிரை வாங்கறான்."

"உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?"

"எனக்கு என்ன தெரியுது? இந்த அணியோட இருபத்தஞ்சு வருஷச் சரித்திரத்தை நாப்பது பக்கத்துல எழுதுன்னு புது முதலாளி சொல்லிட்டான். போர்ட்லேண்ட்காரன். சரித்திரம்னா அலமாரியில இருக்கும், எடுத்து எழுதலாம்னு நினைச்சிட்டான். அறுபத்தெட்டுல அரங்கு எரிஞ்சப்பவே எல்லாக் காயிதமும் போச்சு. ஒரு வருஷம் நம்ம அணிக்கே ரெண்டு பேரு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

"ஊர்ல ஆடும்போது பேப்பர்மேக்கர்ஸ், வெளியூர்ல லாகர்ஸ். வெளியூர் ஸ்வெட்டர் வர லேட்டாயிருச்சுன்னு பழசையே போட்டாங்க."

"அதை எப்படி எழுத? எந்த அணி ஜெயிச்சுது, எது தோத்துதுன்னு எழுத? ரெண்டு தடவை லீக்கே நடுவுல மூடிருச்சு. ஒரு தடவை மூடினது நமக்குத் தெரியாம மூணு ஆட்டம் ஆடியிருக்கோம்." டொயோன் தொப்பியைத் தொடையில் தட்டினார். "அதெல்லாம் போகட்டும். ரொசேரோட ஏழை மேல ஏத்தின தேதி. அறுபத்தஞ்சு பிப்ரவரி, மார்ச் பேப்பரைப் பூராப் புரட்டிட்டேன். என் பேப்பர்லயே இல்லை. ஆனா நான் அங்க இருந்தேன். ரெண்டாவது வரிசை. கையில பென்சில். குளிர்ல விரல் மடங்கலை. அவ்வளவு தெளிவா இருக்கு."

"அப்ப ஏன் எழுதலை?"

"அதான் பிடிபடலை. எழுதாம விட்டிருக்கேன்னா அன்னிக்கு நான் குடிச்சிருக்கணும். குடிச்சிருந்தேன்னா இவ்வளவு தெளிவா ஞாபகம் இருக்கக் கூடாது."

லியோனா சூப்பைக் கிளறினாள். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. பேசவேண்டிய நேரத்தில் கை எதையாவது செய்ய ஆரம்பித்துவிடும்.

அதற்குள் பின்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு கில்பெர்த் வந்தாள். ரொசேரின் அக்கா. ரசிகர் சங்கத் தலைவி. எதிர் அணிக் கோல்கீப்பர்களின் தாயாரைப் பற்றி அவள் பேசுகிற பேச்சுக்குப் பயந்தே சிலர் கோட்டை விட்டதாக ஊரில் சொல்வார்கள். கையில் துணி மூடிய ஒரு கிண்ணம், பன்றி இறைச்சியை மசித்துக் கிராம்பு போட்டுச் செய்த க்ரெத்தோன்.

"ஏ லியோனா, தேதி தைச்சிட்டியாடி? எங்க, காட்டு. என்ன இது, காலியாக் கிடக்கு?"

"தேதி யாருக்கும் தெரியலை மதினி."

"தெரியலையா? சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. பங்குச்சாமியார் வந்து ஸ்வெட்டர்ல தீர்த்தம் தெளிச்சார். தெளிச்ச தீர்த்தம் அப்படியே உறைஞ்சு மணி மணியா நின்னுச்சு. நான் மூணு கைக்குட்டை நனைச்சேன்."

டொயோன் நோட்டைப் புரட்டினார். "அப்ப மார்ச் ரெண்டு. அன்னிக்கு அணி வெளியூர்ல ஆடியிருக்கு கில்பெர்த். அட்டவணை இருக்கு."

"திரும்பி வந்து பண்ணியிருப்பாங்க."

"இருநூறு மைல் வந்தா?"

"பஸ் நல்லா ஓடியிருக்கும்."

"கறிக்கடை யூக்ளிட் ஈஸ்டர் சனிக்கிழமைங்கிறான். கயிறு பாதியில சிக்கிக்கிட்டு ஸ்வெட்டர் அந்தரத்துல நின்னுச்சாம். அவன்தான் ஏணி போட்டு ஏறினானாம்."

"யூக்ளிட்டு ஏணி ஏறினானா? அவன் கடை மேடையில ஏறவே ரெண்டு பேர் தள்ளணும். ஈஸ்டருக்கு அந்தப் பழைய கொட்டகையில ஐஸ் எங்க இருக்கும்? தவளைதான் இருக்கும். செவ்வாய்க்கிழமைன்னு எழுதுங்க."

லியோனா அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "மதினி, அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னு யாராவது சொன்னா?"

கில்பெர்த் சிரித்தாள். "யாரு சொல்றது, நீயா? நீ எப்படிப் பாத்திருப்ப? பாங்கர் ஆஸ்பத்திரியில தம்பி கட்டில் பக்கத்துல இல்ல நீ உக்காந்திருந்த. பாவம், மண்டை உடைஞ்சு கிடந்தான். ஊரே பாத்துச்சு, நீங்க ரெண்டு பேருந்தான் பாக்கலை."

அது நிஜம்தான். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை லியோனா ஊரில் பாதி நாள்தான் இருந்தாள். ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தான் இல்லாதபோது அப்படி ஒன்று நடந்திருக்குமோ? இத்தனை பேர் பார்த்திருக்கிறார்களே. பங்குச்சாமியார்கூடப் போன வருஷம் ஒரு ஞானஸ்நான விருந்தில் அந்தத் தீர்த்தத்தைப் பற்றிப் பேசினாரே. ஆனால் ஸ்வெட்டர்? அந்த வருஷம் அணிக்கு ஒரே ஒரு செட்டுதான். அந்த ஏழு இவளுடைய அடுப்பில் வெந்துபோனதே.

நடந்தது இதுதான். அந்தப் பிப்ரவரிக் கடைசியில் ஒரு ஆட்டத்தில் ரப்பர் வட்டு ரொசேரின் நெற்றிப்பொட்டில் அடித்தது. விழுந்தவன் தலை ஐஸைச் சுற்றி அடித்திருந்த பலகையில் மோதியது. ஆம்புலன்ஸில் அவனை ஏற்றியபோது, அணிச் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற டிலூயி ஒரு காகிதப் பையை லியோனாவிடம் கொடுத்தார். உள்ளே ரத்தத்தில் ஊறிய ஸ்வெட்டர். ஆம்புலன்ஸில் அவளுக்கு இடமில்லை. காலையில்தான் பாங்கருக்கு பஸ். வீட்டுக்கு வந்து என்ன செய்வதென்று தெரியாமல் பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஸ்வெட்டரை அதில் போட்டாள்.

கம்பளியைக் கொதிக்கிற தண்ணீரில் போடக் கூடாதென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் வாரத்தில் ஒரு நாள் கம்பளியைக் கொதிக்கவைப்பார்கள். காகித இயந்திரத்தில் ஓடித் தேய்ந்த கனத்த கம்பளித் துணியை ஆலையில் தூக்கிப்போடுவார்கள். அதை ஆண்கள் கொண்டுவர, பெண்கள் வேகவைத்து, அழுக்கெடுத்து, பூட்ஸுக்குள் போட அடித்தோல் மாதிரி வெட்டிக் கொடுப்பார்கள். அன்று லியோனாவின் தலை பாங்கருக்குப் போய்விட்டிருந்தது. கைகள் மட்டும் தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்தன. குச்சியால் கிளறி, அமுக்கி, மறுபடி கிளறி. ஒரு மணி நேரம் கழித்து வெளியே எடுத்தபோது அது நாலு வயசுப் பிள்ளைக்குக்கூடப் பத்தாத ஒன்றாக, கட்டை விரல் தடிமனுக்குச் சுருங்கிக் கிடந்தது.

அதை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்தாள். ரொசேர் பிழைத்தான். இனி ஆடக் கூடாதென்று டாக்டர் சொன்னார். இடது காது போய்விட்டது. அக்டோபரில் அவன் ஆலையின் மரக்கிடங்கு வேலைக்குத் திரும்பியபோது பூட்ஸுக்கு உள்ளே போட ஒன்றும் இல்லை. லியோனா அலமாரிக்கு மேலிருந்ததை எடுத்தாள். இரண்டு ஜோடி வந்தது. ஏழின் தலை இடது காலுக்கும் வால் வலது காலுக்கும் போயின.

புது சீசனுக்கு டிலூயி ஸ்வெட்டர்களை வாங்க வந்தார். அவள் எண்ணிக் கொடுத்தாள். ஆறுக்கு அப்புறம் எட்டு.

"ஏழு?" என்றார் டிலூயி.

"ஏழு இல்லை" என்றாள்.

மேற்கொண்டு சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் டிலூயி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். கண் கலங்கியது. "சரிதான் தாயி. இனிமே ஏழு இல்லை" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவ்வளவுதான். அரங்கில் அவர் என்ன சொன்னாரோ. அப்போதிருந்த முதலாளி ஓட்டை பக்கெட்டைக்கூட மாற்றாதவன், புது ஏழு வாங்கித்தரவில்லை. அடுத்த செட் வாங்கும்போது பழைய பட்டியலைப் பார்த்தே வாங்கினார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருத்தன் ஏழு வேண்டும் என்றபோது, கூட ஆடுகிறவர்கள் அவனை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார்கள். அரங்கு எரிந்தபோது, "ரொசேரோட ஸ்வெட்டரும் போச்சே" என்று ஜனங்கள் தெருவில் நின்று அழுதார்கள். லியோனாவும் நின்றாள். அவளுக்கும் அழுகை வந்தது. எதற்கென்று தெரியவில்லை. டிலூயியும் செத்துப்போனார்.

இப்போது ரொசேருக்கு ஊரில் பெயரே ஏழுதான். ஆலையில் மேஸ்திரி "ஏழை வரச் சொல்லு" என்பான். முடிதிருத்தகத்தில் அவனை முதலில் உட்கார வைப்பார்கள். குடிக்க ஆரம்பித்திருந்தவன் அதை விட்டதும் அதனால்தான். மேலே தொங்குகிற எண் கீழே சாக்கடையில் விழுந்து கிடக்கக் கூடாது என்று அவனே ஒரு தடவை சொன்னான். உடைந்த மண்டையும் செவிட்டுக் காதும் ஆட்டம் அவனுக்குக் கொடுத்தவை. அந்த எண் ஒன்றுதான் ஊர் கொடுத்தது. அதையும் தான் ஒரு பானையில் போட்டு வேகவைத்ததாக எப்படிச் சொல்வது? சொல்லாமல், நடக்காத ஒரு தேதியைத் தன் கையாலேயே எப்படித் தைப்பது?

டொயோன் ஆறு மணிக்கு மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். கில்பெர்த் போகும்போது, "மார்ச் ரெண்டுன்னு தைச்சிரு. நான் பொறுப்பு" என்றாள்.

நாலு மணிக்கு இருட்டிவிட்டது. ரொசேர் வந்து பூட்ஸைக் கழற்றி அடுப்போரம் வைத்தான். அகலமான ஆள், மூன்று தடவை உடைந்த மூக்கு. பக்வீட் மாவில் ஒரே பக்கம் சுட்ட ப்ளோய்கள், ஆப்பம் மாதிரி கண் கண்ணாக, துணிக்குள் சூடாக இருந்தன. வெண்ணெய் தடவிச் சுருட்டிச் சூப்பில் முக்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டபடியே பச்சைத் துணியைப் பார்த்தான். கையைப் பேண்டில் துடைத்துவிட்டு ஏழின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டான்.

"தையல் நெருக்கமா இருக்கு."

லியோனா அவனுக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்தாள். "ரொசேர், அந்த ஸ்வெட்டரை யாரும் மேல ஏத்தலை. நான் அதை வேகவெச்சிட்டேன்" என்றாள்.

அவன் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் அவனுக்குக் கேட்காது. அது அவளுக்குத் தெரியும். சொல்லிவிட்டோம் என்றும் ஆயிற்று, சொல்லவில்லை என்றும் ஆயிற்று. அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் இருந்தாள். பிறகு எழுந்து வலது பக்கம் வந்தாள்.

இந்தத் தடவை முழுவதும் சொன்னாள். பானை, குச்சி, அலமாரி, அடித்தோல், டிலூயியின் தொப்பி. அவளுடைய வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. முடித்தபோது சூப்பில் ஆடை கட்டியிருந்தது.

ரொசேர் கரண்டியை வைத்தான். "என் பூட்ஸுலயா?"

"ரெண்டு ஜோடி. ரெண்டு குளிர்காலம் வந்துச்சு."

அவன் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனான். வாசற்படியில் பனி வாரும் சத்தம் கேட்டது. காலையிலேயே அவள் வாரிவிட்டாள். வாருவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மண்வெட்டி வெறும் பலகையில் சுரண்டுகிற சத்தம்தான் வந்தது. லியோனா காய்ந்த ஸ்வெட்டர்களை இறக்கி மடிக்க ஆரம்பித்தாள். ஒன்பதையும் பத்தையும் மாற்றி மாற்றி அடுக்கினாள். கோபமா, அழுகிறானா, ஒன்றும் தெரியவில்லை. இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தும் ஒரு மண்வெட்டிச் சத்தத்தை வைத்து அவனைப் படிக்க அவளால் முடியவில்லை.

உள்ளே வந்தவன் புருவத்தில் பனியோடு நின்றான்.

"யாருமே பாக்கலையா?"

"நடந்தாத்தானே பாக்க."

"கில்பெர்த்து? தீர்த்தம் உறைஞ்சு மணி மணியா நின்னுச்சுன்னாளே."

"எனக்கும் அதான் புரியலை."

"பங்குச்சாமியார்?"

"அவர் தெளிக்காத தீர்த்தமா? எந்த நாள்ல எதுல தெளிச்சாரோ."

ரொசேர் கோட்டோடேயே உட்கார்ந்தான். கைகளை மேஜைமேல் வைத்து அவற்றையே பார்த்தான்.

"பன்னெண்டு வருஷம் லியோனா. யாராவது அதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நான் எந்திரிச்சு வெளியே போயிருவேன். ஊரே பாத்திருக்கு. கறிக்கடைக்காரன் பாத்திருக்கான். என் விழாவுல நான் மட்டும் இல்லை. ஒரு ரெண்டு வாரம் பொறுத்துக்கக் கூடாதா, நான் கண்ணு முழிக்கிற வரைக்கும்னு நினைப்பேன். அவ்வளவு என்ன அவசரம், நான் செத்துருவேன்னு நினைச்சாங்களான்னு. யார்கிட்டயும் கேக்கலை. எப்படிக் கேக்கறது? மரியாதை பண்ணினவங்ககிட்டப் போய்ச் சண்டையா போடறது?"

"எங்கிட்டயாவது கேட்டிருக்கலாமே."

"நீயும் பாக்கலையேன்னு உனக்கு வருத்தமா இருக்கும்னு நினைச்சேன்."

லியோனாவின் கையில் மடித்த ஸ்வெட்டர் மறுபடி அவிழ்ந்தது.

"அப்ப நான் எதையும் தவற விடலை" என்றான் அவன். பிறகு இன்னொரு தடவை, அவளிடம் இல்லாமல் தனக்கே சொல்வது மாதிரி, "விடலை" என்றான். அவன் தோள்கள் குலுங்கின. அவள் பயந்துபோய்ப் பக்கத்தில் வந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணில் தண்ணீரும் இருந்தது. எது எதற்கென்று அவனுக்கே தெரிந்த மாதிரி இல்லை.

"அந்தக் குளிர்காலம் கால் மட்டும் குளிரலை. கிடங்குல எல்லாரும் கேட்டாங்க, என்னடா போட்டிருக்கன்னு."

"கோபம் இல்லையா உனக்கு?"

"தெரியலை. நாளைக்கு வருமோ என்னமோ. இப்ப வரலை."

ஆறு அடிக்கும்போது டொயோன் வந்து கதவருகிலேயே நின்றார். பூட்ஸைக் கழற்றச் சோம்பல். "கிடைச்சுதா லியோனாம்மா? இல்லாட்டி கில்பெர்த் சொன்னதையே போட்டுடறேன். அட்டவணையை நான் பாக்கலைன்னு வெச்சுக்கறேன்."

லியோனா புருஷனைப் பார்த்தாள்.

"இருபத்திரண்டு ஜனவரின்னு எழுதிக்கோ" என்றான் ரொசேர்.

"எந்த வருஷம்?"

"இந்த வருஷம். நாளன்னிக்கு."

"அது இப்ப ஏத்தற தேதிப்பா. நான் கேக்கறது முதல்ல ஏத்தினது."

"முதல்ல ஏத்தறதே இதுதான்."

டொயோன் தொப்பியைக் கழற்றினார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "ரொசேர், நானே பாத்தேன். ரெண்டாவது வரிசையில இருந்தேன். ஊரே அங்க இருந்துச்சு."

லியோனா தையல் சுண்ணத்தை எடுத்து, துணியின் காலி இடத்தை உள்ளங்கையால் நீவி, இருபத்திரண்டின் முதல் இரண்டைப் போட்டாள்.

"யாரு இல்லைன்னா?" என்றான் ரொசேர். "இருந்திருப்பீங்க. நீங்கள்லாம் கொஞ்சம் முன்னாடியே பாத்துட்டீங்க, அவ்வளவுதான்."